1348 ஜூன் நெருங்குகிறது. எங்கள் ஆட்டத்துக்குள் கொள்ளைநோய் வரலாமா?

களத்துமேடு:

வணக்கம். கோவையில் ஏழு மாதமாக ஞாயிறு மாலைகளில் ஒரு கேம்பெயின், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடும் தொடர்கதை ஆட்டம், நடத்தி வருகிறேன். ஆடுபவர்கள் நான்கு பேர். மந்திரம், டிராகன், எல்ஃப் எதுவும் கிடையாது. 1347ஆம் ஆண்டு இங்கிலாந்து. டார்செட்டும் சாமர்செட்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் ஒரு சின்ன ஊர். எல்டர்கூம் என்ற அந்த ஊர் மட்டும் கற்பனை, சுற்றியிருப்பதெல்லாம் நிஜம். ஊர் நிலம் ஷாஃப்ட்ஸ்பரியில் இருந்த பெனடிக்டைன் கன்னியர் மடத்துக்குச் சொந்தம். எஜமான் என்று ஒரு குதிரைவீரரை வைக்காமல் மடத்தின் தலைவியை வைத்ததிலேயே ஆட்டத்துக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அவரை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அவருடைய காரியஸ்தர் வருவார், கணக்குக் கேட்பார், போவார்.

என் கேள்வி கொஞ்சம் கனமானது. அதற்கு முன் ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் புரியும்.

காயங்களுக்கு நீளமான அட்டவணை இருந்தால் அது யதார்த்தமான ஆட்டம் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். எந்த எலும்பு முறிந்தது, எத்தனை நாளில் சீழ் வைக்கும் என்றெல்லாம் நான்கு பக்கம் தயார் செய்தேன். இரண்டாம் வாரமே அது தேவைப்படவில்லை. ஏழு மாதத்தில் எங்கள் மேசையில் நடந்த சண்டை ஒரே ஒரு கத்திக்குத்துதான். அதற்கே ஊர் முழுக்கக் கூக்குரல் எழுப்பிக்கொண்டு துரத்தியது, ஏனென்றால் கூக்குரல் கேட்டும் ஓடி வராதவருக்கு அபராதம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஆண்கள் பத்துப்பத்துப் பேராக ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற காலம் அது. ஒருவன் தப்பினால் மற்றவர்கள் காசு கட்ட வேண்டும். யதார்த்தம் எங்களுக்கு அந்த வழியாகத்தான் வந்தது. இந்த ஊரில் ஒவ்வொருவரும் யாருக்கோ எதையோ கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடன்கள்தான் கதை.

கேரக்டர்கள் நால்வர். ஜோன் ஒரு விதவை. கணவரின் அரைக்காணி நிலத்தை வைத்துக்கொண்டு ஏல் என்ற தானிய மதுவைக் காய்ச்சி விற்கிறாள். வாட், பிரான்சின் கலே துறைமுக நகர முற்றுகையில் வில்லாளியாக இருந்துவிட்டு 1347 ஆகஸ்டில் நகரம் விழுந்ததும் ஊர் திரும்பியவன். ராபர்ட் இந்த ஆண்டு மணியக்காரர். தாமஸ் கோயிலில் உதவி செய்கிற, கொஞ்சம் லத்தீன் தெரிந்த பையன். பண்ணை நீதிமன்றம் கூடும்போது பதிவுச்சுருளை அவன்தான் எழுதுகிறான்.

இங்கே ஒரு சொல் பிரச்சினை வந்தது. நிலத்தோடு கட்டுப்பட்ட குடியானவருக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் 'வில்லன்' என்றாகிறது. ராபர்ட்டை வில்லன் என்று சொல்லி ஆட்டம் நடத்த முடியாது. பண்ணையாள் என்றாலும் சரிவரவில்லை, ராபர்ட்டுக்கென்று நிலம் இருக்கிறது, எருது இருக்கிறது. கடைசியில் 'கட்டுக்குடி' என்று வைத்துக்கொண்டோம். மணியக்காரர் என்ற சொல் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஒரு வித்தியாசம்: ராபர்ட்டை அந்தப் பதவிக்கு மேலிருந்து நியமிக்கவில்லை. மிக்கேல் சம்மனசு திருநாளான செப்டம்பர் 29 அன்று ஊர்க் கட்டுக்குடிகளே கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் மறுபடி அவர்களோடு ஒருவராக உழ வேண்டும். அதனால் யாரிடமும் கடுமையாக இருக்க முடியாது, மடத்துக்குக் கணக்கும் குறையக்கூடாது. அந்தக் கேரக்டரை ஆடும் நண்பர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். எப்படி ஆடுகிறார் தெரியுமா!

எங்களுக்குக் கிடைத்த நல்ல மாலைகளில் ஒன்று நாணயம் பற்றியது. வாட்டிடம் கலேயிலிருந்து கொண்டுவந்த ஒரு தங்க நோபிள் இருக்கிறது. 1344இல்தான் அந்தக் காசே வந்தது. ஒரு நோபிள் என்றால் எண்பது வெள்ளிப் பென்னி. கூலிக்காரருக்கு நாளுக்கு ஒன்றரை, இரண்டு பென்னி கிடைத்த காலம். ஜோன் கடையில் ஒரு காலன் ஏல் ஒரு பென்னி. வாட் அந்தத் தங்கத்தை எடுத்து மேசையில் வைத்தபோது ஊரில் யாராலும் சில்லறை கொடுக்க முடியவில்லை. அதுவரை மற்ற ஆட்டங்களில் 'ஐம்பது தங்கம்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகியவர்கள், அந்த ஒரு காசைச் சுற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். யார் பார்த்தார்கள், காரியஸ்தர் காதுக்குப் போகுமா, ஷாஃப்ட்ஸ்பரிச் சந்தைக்குக் கொண்டுபோனால் திருடியது என்பார்களா. காசு இன்னும் வாட்டின் செருப்புக்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று, ஆலைக்குளத்தில் மிதந்த பிணம். முதலில் பார்த்தது தாமஸ். முதலில் கண்டவர் பிணை கொடுக்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலை அடக்கம் செய்யக்கூடாது. மரணத்துக்குக் காரணமான பொருளின் மதிப்பு அரசருக்குப் போகும். இரவோடு இரவாக உடலைப் பக்கத்து ஊர் எல்லைக்குள் தள்ளிவிடலாமா என்று நால்வரும் உண்மையாகவே விவாதித்தார்கள். அன்று யாரும் பகடையைத் தொடவே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஆட்டத்தில் இப்போது 1348, ஈஸ்டர் முடிந்து மே மாதம். ஜூனில், அருளப்பர் திருநாளுக்குச் சற்று முன், டார்செட் கடற்கரையில் மெல்கம் ரீஜிஸ் துறைமுகத்தில், பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் கஸ்கனியிலிருந்து கப்பல் வழியாகக் கொள்ளைநோய் இறங்கியது என்று லின் நகரத்துப் பிரான்சிஸ்கன் துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்டர்கூமிலிருந்து அந்தத் துறைமுகம் இரண்டு நாள் நடைதான். நான் இந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். கடன்களால் கட்டப்பட்ட ஓர் ஊரில், கடன் கொடுத்தவர், வாங்கியவர், கணக்கு எழுதியவர் எல்லோரும் போய்ச் சேர்ந்தால் மிச்சம் என்ன ஆகும் என்று ஆடிப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஜோனை ஆடும் தோழி மூன்றாம் வாரத்தில்தான் எங்களோடு சேர்ந்தார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, 2021 மே மாதம் இரண்டாம் அலையில் அவருடைய அப்பா இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவர் வரலாறு படித்தவர் அல்ல. 1348 என்ற எண் அவருக்கு எதையும் சொல்லாது. வாட்டை ஆடும் தம்பிக்குத் தெரியும், என்னிடம் ஒரு நாள் கண்ணைக் காட்டினான். இதுவரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

நோயை எடுத்துவிட்டால் அந்த நாட்டின், அந்த ஆண்டின் உண்மையையே எடுத்துவிட்டதாகும். ஏழு மாதம் ஒரு பென்னிக்குக்கூட உண்மையாக இருந்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மனிதர்கள் செத்த விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்தால் ஒரு தோழியை ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டில் உட்காரவைத்து மறுபடி அதே இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, நடத்துவதானால் எப்படி?

பனையோலை:

எல்லோரிடமும் ஒன்றாக, வரும் ஞாயிறே சொல்லிவிடுங்கள். பகடையை எடுப்பதற்கு முன், டீ குடிக்கும்போது.

நான் சில ஆண்டுகளுக்கு முன் 1315இல் ஆரம்பிக்கிற கேம்பெயின் ஒன்று நடத்தினேன். அதே இங்கிலாந்து. அந்த ஆண்டு மழை நிற்காமல் பெய்து வெள்ளாமை அழுகியது, அடுத்த ஆண்டும் அப்படியே. 1317 வரை பஞ்சம். அதை ஒரு திடீர் திருப்பமாக வைத்திருந்தேன். விதைநெல்லைத் தின்பதா, வைப்பதா என்று கேட்கும் காட்சி. நெல் என்று பழக்கத்தில் சொல்கிறேன், அங்கே கோதுமை. ஒன்று விதைத்தால் நான்கு கிடைத்தால் நல்ல விளைச்சல், அதில் ஒன்றை மறுபடி விதைக்க எடுத்து வைக்க வேண்டும். காட்சி நன்றாக இருந்தது. ஆனால் ஆடியவர்களில் ஒருவர் சிறு வயதில் வீட்டில் பசியைப் பார்த்தவர். அன்று ஒன்றும் சொல்லாமல் போனார், பிறகு வரவே இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது.

நான் செய்த பிழை பஞ்சத்தைக் கொண்டுவந்தது அல்ல. அந்தக் கேரக்டர்களுக்குத் தெரியாததை ஆடுபவர்களுக்கும் தெரியாமல் வைத்திருந்தேன், அதுதான். கேரக்டருக்கு எதிர்காலம் தெரியக்கூடாது. ஆடுபவருக்குத் தெரியலாம். சொல்லப்போனால் தெரிந்தால்தான் நன்றாக ஆடுவார்கள். ஜூன் மாதம் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே மே மாதத்தில், மகளைக் கட்டிக்கொடுக்க எஜமானுக்குத் தர வேண்டிய கல்யாண வரியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கனமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தோழியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். 'உனக்காக நிறுத்தவா' என்று கேட்டால் அந்தச் சுமை முழுக்க அவர் தலையில் விழும்.

தூக்கணாங்கூடு:

பனையோலை அண்ணா சொன்னதில் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் நடத்துபவள் அல்ல, ஆடுபவள். எனக்கும் அதே 2021.

எங்கள் குழுவில் இப்படித்தான் ஐந்து பேர் முன்னால் கேட்டார்கள். நான் உடனே 'பரவாயில்லை, நடத்துங்க' என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் வேறு எதுவும் சொல்ல வராது. நான்கு பேர் ஆசையாகக் காத்திருக்கும்போது நான் ஒருத்தி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மேசைமேல் எக்ஸ் அட்டை வைத்திருந்தார்கள், காட்சி தாங்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் தொட்டு நிறுத்தலாம் என்றார்கள். நான் தொடவில்லை. தொட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

அதனால் களத்துமேடு அண்ணா, முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டாம். எழுதி அனுப்புங்கள், இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னால் போதும் என்று எழுதுங்கள். 'நிறுத்தவா வேண்டாமா' என்று கேட்காதீர்கள். எதைக் காட்டக்கூடாது, எதைக் காட்டினால் தாங்கும் என்று கேளுங்கள். எனக்கு மரணம் பிரச்சினையாக இல்லை. மூச்சுத்திணறலை விவரித்ததுதான் தாங்கவில்லை. அதை மட்டும் முன்பே யாராவது கேட்டிருந்தால் நான் அந்த ஆட்டத்தை முழுக்க ஆடியிருப்பேன். இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் அம்மாவை வழியனுப்ப முடியாமல் போன எனக்கு, ஒரு ஆட்டத்திலாவது யாரையாவது ஒழுங்காக வழியனுப்ப வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பழைய வரைபடம்:

சொல்வதைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தூக்கணாங்கூடு சொல்வது சரியாகப் படுகிறது. அவர் சம்மதித்தால் எப்படி நடத்தலாம் என்பதைச் சொல்கிறேன். நான் இதே ஆண்டுகளை இரண்டு குழுக்களோடு ஆடியிருக்கிறேன்.

முதல் விஷயம், நோய் ஒரே நாளில் வராது, செய்தியாக வரும். உங்கள் ஊரில் அது மூன்று நான்கு மாதம் பேச்சாகவே இருக்கட்டும். அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள், அவள் பெயரும் ஜோன்தான், கஸ்டீல் இளவரசரை மணக்கப் போகும் வழியில் அதே 1348இல் போர்தோவில் இந்த நோயால் இறந்தாள். அது சந்தைக்கு வரும் துணி வியாபாரியின் வாயிலாக எல்டர்கூமுக்கு வரட்டும். ஆகஸ்டில் பாத் அண்டு வெல்ஸ் ஆயர் ரால்ஃப், வெள்ளிக்கிழமை தோறும் கோயில்களில் ஊர்வலம் போய் மன்றாடும்படி ஆணையிட்டார். அறுவடை நேரத்தில் ஊர்வலமா, கதிரறுப்பா என்று மணியக்காரர் ராபர்ட் முடிவு செய்யட்டும். உங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது என்றீர்கள். டார்செட் பக்கம் என்றால் அது சாலிஸ்பரி மறைமாவட்டம், அந்த ஆணை செல்லாது. ஊரைச் சாமர்செட் பக்கம் தள்ளிவிடுங்கள். ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்கு அந்தப் பக்கமும் நிலம் இருந்தது, ஆபஸ் கூம் என்ற ஊரின் பெயரிலேயே மடத் தலைவி இருக்கிறார்.

ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அதே ஆயர் ரால்ஃப் 1349 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார். பங்குக்குருக்கள் செத்துவிட்டார்கள், மற்றவர்கள் வர அஞ்சுகிறார்கள், சாகக் கிடப்பவர்கள் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் போகிறார்கள். ஆகவே குரு கிடைக்காதபோது ஒருவர் மற்றொருவரிடம், ஆண் இல்லாவிட்டால் ஒரு பெண்ணிடம்கூட, பாவங்களை அறிக்கையிடலாம் என்று அனுமதித்தார். உங்கள் மேசையில் ஏல் காய்ச்சுகிற விதவை ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொரு நீதிமன்றத்திலும் அளவு குறைந்தது என்று அபராதம் கட்டியவள். அவள் முன்னால் ஊர் மண்டியிடும். இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, சாவுக்குப் பகடை உருட்டாதீர்கள். முதல் குழுவில் நான் உருட்டினேன். அது ஒரு எண் விளையாட்டாகிப் போனது, எனக்கே வெறுத்துவிட்டது. இரண்டாம் குழுவில் வேறு மாதிரி செய்தேன். ஊரில் முப்பது வீடு, நூற்றைம்பது பேர் என்று பெயர்ப் பட்டியல் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டினேன். ஹேல்ஸோவன் பண்ணையின் நீதிமன்றச் சுருள்களைக் கணக்கிட்டவர்கள் குத்தகைக்காரர்களில் பத்துக்கு நான்கு பேர் இறந்ததாகக் கண்டார்கள். அந்த அளவை வைத்து வாரத்துக்குச் சில பெயர்களை நான் அடித்தேன். முக்கியக் கேரக்டர் சாவதா இல்லையா என்பதை ஆடுபவரே முடிவு செய்யட்டும், அவர் வீட்டில் யார் போவது என்பதையும்.

மூன்றாவது, நோய்ப்படுக்கையை விவரிக்கத் தேவையே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே தாமஸும் பதிவுச்சுருளும் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடும் நீதிமன்றத்தில் தாமஸ் வாசிக்கட்டும். இன்னார் இறந்தார், அரைக்காணி நிலம் வைத்திருந்தார், இறப்புக் கடமையாக ஒரு எருது எஜமானிக்கு, வாரிசு மகன். அடுத்த வரி, அந்த மகனும் இறந்தான், ஒரு பசு; வாரிசு ஒன்பது வயது மகள். அடுத்த வரி, வாரிசு இல்லை, நிலம் எஜமானியின் கையில். எந்த மரணக் காட்சியையும்விட அந்த வாசிப்பு கனமானது. அயர்லாந்தில் கில்கெனியில் ஜான் கிளின் என்ற துறவி, தனக்குப் பின் யாராவது பிழைத்திருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று தோல்தாள் மிச்சம் வைத்துவிட்டுப் போனார். தாமஸை ஆடும் தம்பிக்கு அதைச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

அடக்கம் பற்றியும் ஒன்று. தூக்கணாங்கூடு எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. கொள்ளைநோய்க் குழிகள் என்றால் உடல்களை வாரிக் கொட்டியது போல ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் தோண்டியபோது, அத்தனை நெருக்கடியிலும் உடல்களை வரிசையாக, ஒழுங்காகக் கிடத்தியிருந்தார்கள். லிங்கன்ஷயரில் தார்ன்டன் மடத்தருகே கிடைத்த குழியில் நாற்பத்தெட்டுப் பேர், அவர்களில் இருபத்தேழு பேர் குழந்தைகள், அவர்களையும் அப்படித்தான். புதைக்க ஆளில்லாத நேரத்திலும் யாரோ குனிந்து ஒவ்வொருவரையும் நேராக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படியே நடக்கட்டும்.

கடைசியாக, நோயோடு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான ஆட்டம் 1349 கோடைக்குப் பிறகுதான். ஆடுமாடுகள் மேய்ப்பாரின்றி வயல்களில் திரிந்தன. லெஸ்டரில் எழுதிய ஹென்றி நைட்டன், நாற்பது ஷில்லிங், அதாவது நானூற்றெண்பது பென்னி, பெறுமான குதிரை அரை மார்க்குக்குக் கிடைத்தது என்கிறார். அரை மார்க் என்றால் எவ்வளவு தெரியுமா? எண்பது பென்னி. வாட்டின் செருப்புக்குள் இருக்கிறதே, அதே ஒரு நோபிள். கூலி ஏறும். 1349 ஜூனில் அரசர் பழைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்று ஆணை போடுவார், 1351இல் அது சட்டமாகும். கட்டுக்குடிகள் இரவில் கிளம்பி, அதிகம் கொடுக்கும் ஊருக்குப் போவார்கள். ராபர்ட் அவர்களைத் தடுக்க வேண்டியவர், அவருக்கே போக ஆசை வரும்.

மழைநாள்:

மேலே சொன்னது எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தோழி வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கும் உண்மை கெடாத ஒரு வழி உண்டு. மே 1348இல் ஆட்டத்தை நிறுத்தி, 1350 மிக்கேல் திருநாளில் மறுபடி திறங்கள். நடுவில் நடந்ததை யாரும் ஆட வேண்டாம். பென்ட்ராகன் என்று ஆர்தர் மன்னர் கதையை வைத்து ஆடும் ஆட்டத்தில் ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலத்தில் விளைச்சல், கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். அது போல இரண்டு குளிர்காலங்களை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். காலி வீடுகள், முளைத்த களை, குறைந்துபோன ஆட்கள். நோயைக் காட்டாமலே நோய் இருக்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், எங்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

களத்துமேடு:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தூக்கணாங்கூடு சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஏன் இந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும், இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்பையும் சேர்த்தே எழுதினேன். மழைநாள் சொன்ன வழியும் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. இருமல், மூச்சு, காய்ச்சல் விவரிக்க வேண்டாம். மருந்து தேடி அலைகிற காட்சி வேண்டவே வேண்டாம். ஜோன் பிழைக்க வேண்டும். 'அடக்கம் நடக்கும்போது நான் ஆடுறேன், தாண்டிப் போயிடாதீங்க' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அடுத்த ஞாயிறு மற்ற மூவரிடமும் சொன்னேன். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம், நூற்று நாற்பத்திரண்டு பேர். பாதிப் பெயர்களை அவர்களே வைத்தார்கள். நான் வைத்தால் வெறும் பெயராக இருந்திருக்கும். அவர்கள் வைத்ததால் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் வந்துவிட்டது. இது சரியா, கொடுமையா என்று எனக்கு ஒரு இரவு முழுக்கக் குழப்பம். ஆனால் பெயர் அடிக்கப்படும்போது அவர்கள் அந்த மனிதரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி சொல்ல ஆரம்பித்தார்கள், நான் கேட்காமலே. ஆலைக்காரர் மாவு அளக்கும்போது கட்டைவிரலை உள்ளே வைப்பார் என்று ராபர்ட் சொன்னார். அதற்காக அவர்மேல் மூன்று முறை அபராதம் போட்டவர் அவர்தான்.

ஆயரின் கடிதம் போன வாரம் வந்தது. ஆட்டத்தில் 1349 ஜனவரி. பங்குக்குரு டிசம்பரிலேயே போய்விட்டார். கடிதத்தைத் தாமஸ் எல்லோருக்கும் வாசித்து, அர்த்தம் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஊரில் ஏல் சுவை பார்க்கிற கிழவர், ஏழு மாதமாக ஜோனைப் பற்றி நீதிமன்றத்தில் புகார் சொன்னவர், ஆள் அனுப்பினார். நான் அந்தக் கிழவராக மூன்று வாக்கியம்தான் பேசினேன். அவள் ஏல் ஒருமுறைகூட அளவு குறைந்ததில்லை என்று சொன்னேன். தோழி சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஜோனாக, 'தெரியும்' என்றார். அடக்கத்தை அவரே நடத்தினார். துணி சுற்றுவது, தலையை மேற்குப் பக்கம் வைத்துக் கிழக்கைப் பார்க்கக் கிடத்துவது, யார் காலைப் பிடிப்பது, யார் தலையை. இருபது நிமிடம். நாங்கள் மூவரும் அவர் சொன்னதைச் செய்தோம். வாட் மட்டும் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான்.

சுவரில் இப்போது எண்பத்தெட்டுப் பெயர் மிச்சம்.

அடுத்த ஞாயிறு மார்ச். தவக்கால விதைப்பு தொடங்க வேண்டும், அதற்கு உங்கள் உதவி வேண்டும். ஒரு கனமான கலப்பைக்கு எட்டு எருது, பிடிக்க ஒருவர், ஓட்ட ஒருவர், நாளுக்குச் சுமார் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இறப்புக் கடமையாக வந்த எருதுகளால் மடத்தின் தொழுவம் நிறைந்து கிடக்கிறது, ஆனால் கலப்பை பிடிக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் மூன்றே பேர், அதில் ஒருவர் ராபர்ட். மடத்தின் சொந்த நிலத்தை முதலில் உழச் சொல்லிக் காரியஸ்தர் ஆள் அனுப்பியிருக்கிறார். ஊரார் தங்கள் பட்டைகளில் பார்லி போட்டால்தான் அடுத்த குளிர்காலம் ஓடும். ஈஸ்டருக்குள் எத்தனை ஏக்கர் முடியும், மழை நாட்களை எப்படிக் கழிப்பது? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.